சைகை மொழியை யார் கற்க வேண்டும்? குழந்தையா, வீடா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கிறார். அக்கா மகளுக்கு இரண்டரை வயது. காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்ததில் இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்துவிட்டது. காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவி) வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையில் குழந்தை எதையாவது கேட்டுக் கையை ஆட்டினால் பாட்டி அந்தக் கையைத் தட்டிவிடுகிறாராம், "கை காட்டிப் பழகினா வாய் வராது" என்று. சைகை கற்றால் பேச்சு நின்றுவிடுமா, தர்மபுரி மாதிரி ஊரில் அதை எங்கே போய்க் கற்பது, நாளைக்கு ஊர் இவளை ஏற்றுக்கொள்ளுமா என்பது அவருடைய கேள்வி.

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: நிற்காது. மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. காவேரிப்பட்டணத்துக்காரி. என் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இருபத்து நான்கு வயதில்தான் சைகை மொழி கற்றுக்கொண்டேன், அதுவும் அண்ணனிடம் இல்லை, அவனுடைய நண்பர்களிடம். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி, பேங்க், காவல் நிலையம், பெண் பார்க்கும் படலம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் மொழிபெயர்த்துக் கொண்டிருக்கிறேன். இருபத்து நான்கு வயது வரை ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்ட அண்ணனிடம் நான் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்று கேட்டால், "சோறு", "வா", "போ", "அப்பா திட்டுவார்", "காசு இல்லை". அவ்வளவுதான். வீட்டுக்குள் நாங்களே உண்டாக்கிக்கொண்ட ஒரு ஐம்பது அறுபது கையசைவு. அதை மொழி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் அப்பா இறந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். திண்ணையில் பெரியவர்கள் உட்கார்ந்து நிலத்தைப் பற்றி, மாந்தோப்பு குத்தகையைப் பற்றி, கடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைமகன் அண்ணன்தான். அவன் ஒவ்வொரு வாயாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "என்ன?" என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டான். நான் கையை அசைத்து "அப்புறம் சொல்றேன்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பாவைக் கேட்டான். "ஒண்ணுமில்ல" என்றார். மூன்று மணி நேரம் பேசிய விஷயம், முடிவில் அவனுக்கு வந்து சேர்ந்தது "கையெழுத்துப் போடு" என்பது மட்டும். அவன் போட்டான். அந்தப் பேச்சில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் இதில் சங்கடமே. காது கேளாத எவரிடமும் போய்க் கேட்டுப் பாருங்கள், வாழ்க்கையில் அதிகம் பார்த்த வாக்கியம் எது என்று. "அப்புறம் சொல்றேன்" என்றுதான் சொல்வார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும். குழந்தை சைகை கற்கலாமா என்று கேட்கிறீர்கள். குழந்தை கற்றுக்கொள்ளும், அதற்கு அது பெரிய வேலையே இல்லை. சைகை பேசும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் "மா, பா" என்று உளறும் அதே மாதங்களில் கைவிரல்களால் மழலை பேசுகின்றன என்று லாரா பெட்டிட்டோவும் பவுலா மாரென்டெட்டும் 1991-லேயே எழுதிவிட்டார்கள். மூளைக்கு மொழி காது வழியாக வந்தாலும் சரி, கண் வழியாக வந்தாலும் சரி, வந்தால் போதும். சிக்கல் எங்கே என்றால், காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கின்றன. அந்த வீட்டில் கை மொழி தெரிந்த ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஆக, கற்க வேண்டியது வீடு. நீங்கள், அக்கா, மாமா, கையைத் தட்டிவிடும் அந்தப் பாட்டியும் சேர்த்து.

சரி, இம்ப்ளான்ட் விஷயத்துக்கு வருகிறேன். நான் அதற்கு எதிரி கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குச் செய்கிறார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும் வழி இருக்கிறது. வைப்பதென்றால் சீக்கிரம் வையுங்கள், மூன்று வயதுக்குள் என்றால் இன்னும் நல்லது, தள்ளிப்போடப் போட பலன் குறையும். ஆனால் ஆபரேஷன் முடிந்த மறுநாள் குழந்தை "மாமா" என்று கூப்பிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கருவியை ஆன் செய்து, குழந்தையின் காதுக்கு ஏற்றபடி அதைப் பலமுறை சரிசெய்து (மேப்பிங் என்பார்கள்), அப்புறம் வருடக் கணக்கில் பேச்சுப் பயிற்சிக்கு அலைய வேண்டும். பாலக்கோட்டிலிருந்து பயிற்சிக்கு வாரம் இரண்டு முறை பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. பாதியில் விட்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நன்றாக வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அந்த நன்றாக வந்த பிள்ளைக்கும் குளிக்கும்போது, தூங்கும்போது, பேட்டரி தீர்ந்தபோது, வெளிக்கருவி கெட்டுப்போய் உதிரிபாகம் வரும் வரை, காது கேட்காது. அந்த நேரத்தில் அம்மாவிடம் பேச அதற்கு ஒரு மொழி வேண்டாமா?

"சைகை கற்றால் பேச்சு வராது" என்பதை ஊர்ப் பாட்டிகள் மட்டும் சொல்லவில்லை, படித்தவர்களும் சொல்கிறார்கள், எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. இனிமேல் வாய்ப்பேச்சு வழியில்தான் பாடம், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஓட்டுப் போட வந்தவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அந்த ஒரு தீர்மானம் உலகம் முழுக்கப் பள்ளிகளில் நூறு வருடம் ஓடியது. நம் நாட்டிலும் காது கேளாதோர் பள்ளிகள் அந்தக் காலத்தில் தொடங்கியவைதான், அதே காற்று இங்கேயும் வீசியது. அண்ணன் படித்த விடுதிப் பள்ளியில் (பெயர் வேண்டாம்) வகுப்பில் கையைத் தூக்கிப் பேசினால் ஸ்கேலால் விரல் கணுவில் அடிப்பார்கள். ராத்திரி விடுதியில் விளக்கை அணைத்ததும் ஜன்னல் பக்கம் தெருவிளக்கு வெளிச்சத்தில் பையன்கள் கூடி உட்கார்ந்து பேசுவார்களாம். அவன் மொழி கற்றது அங்கேதான். அந்த மாநாட்டின் வாரிசு அமைப்பு 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடி மிலான் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்து வருத்தம் தெரிவித்தது. அதற்குள் எத்தனை தலைமுறை விரல் கணு வீங்கியதோ.

ஆராய்ச்சியும் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்கிறது. பிறந்ததிலிருந்து வீட்டில் சைகை பார்த்து வளர்ந்து, அப்புறம் இம்ப்ளான்ட் வைத்த குழந்தைகள் பேச்சிலும் பின்தங்கவில்லை. ஒரு மொழி உள்ளே உட்கார்ந்துவிட்டால் இரண்டாவது மொழிக்கு அது திண்ணை போட்டுக் கொடுக்கும். இது நமக்குப் புதிதா என்ன? ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் போய்ப் பாருங்கள். வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், ஐந்து வயதுப் பொடிசு மூன்றிலும் சண்டை போடும். தெலுங்கு பேசினால் தமிழ் வராது என்று அங்கே எந்தப் பாட்டியும் வாயில் அடிப்பதில்லை. கைக்கு மட்டும் ஏன் இந்த நியாயம்?

உதடு பார்த்துப் புரிந்துகொள்வாள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதையும் கொஞ்சம் உடைத்துவிடுகிறேன். கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் "மாடு" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து "பாடு". உதடு ஒரே மாதிரிதான் அசையும். மாலை, பாலை. மடி, படி. மல்லி, பல்லி. அம்மா கடைக்கு அனுப்பி மல்லி வாங்கி வரச் சொன்னால் அண்ணன் சுவரைப் பார்ப்பான் என்று எங்கள் வீட்டில் ஒரு ஜோக் உண்டு (அவனே சொல்லிச் சிரிப்பான், நாங்கள் சொன்னால் முறைப்பான்). க, ங மாதிரி வாய்க்கு உள்ளே பிறக்கும் எழுத்துகள் வெளியே தெரியவே தெரியாது. மீதியை ஊகத்தில்தான் நிரப்ப வேண்டும். ஒரு மொழியை ஏற்கெனவே அறிந்தவருக்குத்தான் ஊகம் கைகொடுக்கும், மொழியே இல்லாத குழந்தை எதை வைத்து ஊகிக்கும்?

சைகை மொழி என்றால் தமிழை அப்படியே கையில் எழுதிக் காட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. நல்ல வேளையாக நமக்கு அது அந்நியமாக இருக்காது. வினை கடைசியில் வரும், மறுப்பும் கடைசியில் வரும், கேள்விச் சொல்லும் கடைசியில். "உன் பெயர் என்ன" என்பது சைகையிலும் உன், பெயர், என்ன என்ற வரிசைதான். ஆம், இல்லை என்று பதில் வேண்டிய கேள்விக்குப் புருவம் மேலே போகும். புருவத்தை மறந்தால் கேள்வி சாதாரண வாக்கியமாகிவிடும், நான் முதல் ஆறு மாதம் அப்படித்தான் எல்லோரையும் குழப்பினேன். "கொடுத்தேன், கொடுத்தாய்" என்று நாம் வாலை மாற்றுகிறோம் இல்லையா, அங்கே கை போகும் திசை மாறும். என்னிடமிருந்து உங்களை நோக்கிப் போனால் நான் கொடுத்தேன், உங்களிடமிருந்து என்னை நோக்கி வந்தால் நீங்கள் கொடுத்தீர்கள். ஆண் என்பதற்கு மீசை, பெண் என்பதற்கு மூக்குத்தி இருக்கும் இடம். இந்த நாட்டு மண்ணில் முளைத்த மொழி என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? அமெரிக்கச் சைகை மொழியில் இது இருக்காது. அதனால் யூடியூபில் தேடும்போது கவனம், முதலில் வந்து விழுவது பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்கள். அவர்கள் ஆங்கில எழுத்துகளை ஒற்றைக் கையால் காட்டுவார்கள், நம் நாட்டில் இரண்டு கை. ஒற்றைக் கையில் ஏ, பி, சி காட்டினால் அந்த வீடியோவை மூடிவிடுங்கள்.

எழுத்துகளைக் காட்டக் கற்றுக்கொண்டு சைகை மொழி தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களைக் கண்டால் அண்ணனின் கூட்டாளிகள் சிரிப்பார்கள். அது அரிச்சுவடி. இரண்டரை வயதுக் குழந்தைக்கு அரிச்சுவடி எதற்கு? "பால் வேணுமா, இன்னும் கொஞ்சமா, போதுமா, வலிக்குதா, எங்கே வலிக்குது, பாட்டி எங்கே, நாய் ஓடிப்போச்சு" என்பதுதான் வேண்டும். அதிலிருந்து தொடங்குங்கள்.

எங்கே கற்பது? டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் என்று ஒன்று 2015-ல் அமைத்தார்கள். அவர்கள் வெளியிட்ட அகராதியில் 2018-ல் 3,000 சொற்கள், 2019-ல் 6,000, 2021-ல் 10,000. எல்லாம் வீடியோவாக இலவசமாகக் கிடைக்கிறது, சைன் லேர்ன் என்று ஒரு ஆப்பும் உண்டு, இணையத்தில் அடிப்படை வகுப்பும் நடத்துகிறார்கள். தினம் ஐந்து சொல் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு வருடத்தில் குடும்பமே பேசும். ஆனால் அகராதி மட்டும் போதாது. அகராதியைப் படித்துத் தமிழ் பேசக் கற்ற வெள்ளைக்காரர் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி இருக்கும். தவிர, டெல்லி வீடியோவில் இருக்கும் சைகைக்கும் நம் பக்கத்து மூத்தவர்கள் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு, நாம் "அவங்க" என்பதும் கோயம்புத்தூர்க்காரர் "அவிங்க" என்பதும் மாதிரி. அது தப்பும் இல்லை, சரிசெய்ய வேண்டியதும் இல்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முக்கியமான வேலை: காது கேளாத பெரியவர்களைத் தேடிப் போங்கள். தர்மபுரி ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. எப்படியும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடி அட்டைக்கு அங்கே போகத்தான் போகிறீர்கள். முகாம் நடக்கும் நாளில் போனால் இரண்டு மூன்று பேர் ஓரமாக நின்று கையால் சளசளவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். கூச்சப்படாமல் பக்கத்தில் போய் நின்று, குழந்தையைக் காட்டி, உங்கள் காதைத் தொட்டுக் கையை ஆட்டுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன், காது கேளாத குழந்தையைக் கண்டதும் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும், தொலைந்துபோன சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கும், அங்கே பேச்சுப் பயிற்சிக்கு வரும் மற்றப் பெற்றோரின் நம்பரை வாங்கி வையுங்கள். நான்கு குடும்பம் சேர்ந்தால் மாதம் இரண்டு ஞாயிறு காது கேளாத ஒருவரை வரவழைத்து, அவருக்கு ஒரு தொகை கொடுத்துக் கற்றுக்கொள்ளலாம். தொகை என்பதை அழுத்திச் சொல்கிறேன். டியூஷனுக்குக் காசு கொடுக்கிறோம், பரதநாட்டியத்துக்குக் கொடுக்கிறோம், காது கேளாதவர் சொல்லிக் கொடுத்தால் மட்டும் டீ, வடையோடு அனுப்பிவிடுகிறோம். சைகை மொழி கற்பிப்பதற்கென்றே அவர்களுக்கு டிப்ளமோ படிப்பு வந்துவிட்டது, அது ஒரு தொழில்.

போன் இருக்கிறதே, அதையும் பயன்படுத்துங்கள். 2016-க்குப் பிறகு டேட்டா மலிவானதில் பெரிய லாபம் அடைந்தவர்கள் இவர்கள்தான் என்பது என் எண்ணம். அதற்கு முன்னால் அண்ணன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தபோது ஊருக்குச் சேதி சொல்ல வழியே கிடையாது, மெஸேஜ் எழுதும் தமிழும் ஆங்கிலமும் அவனுக்கு அரைகுறை. இப்போது தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் ஒரு மணி நேரம் வீடியோ காலில் அரட்டை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பயந்துபோய் எழுந்திருப்பார்.

ஊர் ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் பக்கம் போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் சின்ன வயதில் தாத்தாவோடு நின்று பார்த்திருக்கிறேன். மாட்டுத் தரகர்கள் துண்டைப் போர்த்தி, அதற்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாய் ஒரு வார்த்தை பேசாது, ஆயிரக் கணக்கில் பணம் கை மாறும். அதைச் சாமர்த்தியம் என்று ஊரே மெச்சும். அதே சந்தையில் என் அண்ணன் துண்டு போடாமல் வெளிச்சத்தில் கையால் பேசினால் பையன்கள் பின்னாலேயே வந்து அவனை மாதிரிக் கையாட்டிக் காட்டுவார்கள். கை பேசுவது நம் ஊருக்குத் தெரியாத விஷயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஊரே ஏற்றுக்கொண்ட இடம் ஒன்று நமக்குக் கிட்டத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தில், சிக்கபள்ளாபூர் மாவட்டம், கௌரிபிதனூர் தாலுகாவில் அலிபூர் என்று ஒரு ஊர். ஓசூரிலிருந்து பெங்களூர் போய் இன்னும் கொஞ்சம் வடக்கே. சுமார் பத்தாயிரம் பேர் வாழும் அந்த ஊரில் நூற்றைம்பது பேர் அளவில் காது கேளாதவர்கள், உறவுக்குள்ளேயே திருமணம் செய்துகொள்ளும் ஊர் என்பதால். அங்கே அவர்களுக்கென்று ஒரு சைகை மொழியே தலைமுறை தலைமுறையாக உருவாகிவிட்டது, இந்திய சைகை மொழியிலிருந்து வேறானது, மொழியியலாளர்கள் போய் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். காது கேட்கும் ஜனங்களிலும் பலருக்கு அந்த மொழி தெரியும். ஒரு வீட்டில் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் ஒருவர் இருக்கும்போது ஊரே கற்றுக்கொள்கிறது. கூட்டமாக இருந்ததால் அவர்களுக்குக் கிடைத்தது, நம் ஊரில் ஒன்றிரண்டு பேராகச் சிதறிக் கிடப்பதால் கிடைக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் செவித்திறன் குறைந்தவர்கள் 50 லட்சம் பேர். ஆனால் எங்கள் தெருவில் அண்ணன் ஒருவன்தான்.

உறவுத் திருமணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அக்கா மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் சாதாரணம். சில பிறவிச் செவிட்டுத்தன்மைக்குக் காரணமான மரபணு, அம்மா அப்பா இருவரிடமும் ஒளிந்திருக்கும், இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் அந்த ஒளிந்த மரபணு இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடும். எல்லாக் குழந்தைக்கும் இதுதான் காரணம் என்று இல்லை, கர்ப்பத்தில் வந்த ருபெல்லா, பிறந்ததும் வந்த கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் என்று பல உண்டு. ஆனால் உங்கள் அக்கா கிரகணத்தன்று வெளியே வந்ததாலும் இல்லை, வசம்பு தேய்க்காமல் விட்டதாலும் இல்லை. யாராவது அவர் காதுபட அப்படிப் பேசினால் தாய்மாமன் என்ற முறையில் நீங்கள்தான் வாயை அடைக்க வேண்டும். எங்கள் அம்மா அண்ணன் நாக்கில் தேய்த்த வசம்பைக் குவித்தால் ஒரு மூட்டை வரும்.

ஊமை, செவிடு என்று கூப்பிடுவதை வீட்டிலேயே முதலில் நிறுத்துங்கள். "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதுகூட. அவர்கள் தங்களை டெஃப் என்கிறார்கள், நம்மை ஹியரிங் என்கிறார்கள். அந்த ஹியரிங் என்ற சைகையைக் காட்டும்போது முகத்தில் வரும் ஒரு லேசான அலுப்பு இருக்கிறதே, அதைத் தமிழில் மொழிபெயர்க்க எனக்கு இன்னும் வரவில்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிக்கச் சொல்கிறது, அரசு வேலையில் காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் சேர்த்து ஒரு சதவீதம் ஒதுக்குகிறது. 2021-ல் திறந்தநிலைப் பள்ளியில் இந்திய சைகை மொழியை ஒரு மொழிப் பாடமாகவே சேர்த்தார்கள். இதெல்லாம் காகிதத்தில். நாடு முழுக்கத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் சில நூறு பேர்தான் என்பது நடைமுறை. என்னை மாதிரி முறையாகப் படிக்காத தங்கச்சிகள்தான் பல இடத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம், காவல் நிலையத்தில் இது சரியே இல்லை, ஒரு சொல் தவறினால் ஒருவர் வாழ்க்கை போய்விடும். பெண் குழந்தை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: யாராவது தப்பாகத் தொட்டால் வந்து சொல்ல அவளுக்கு மொழி வேண்டும், கேட்டுப் புரிந்துகொள்ள வீட்டில் ஆள் வேண்டும். போக்சோ சட்டத்தில் வாக்குமூலத்துக்கு மொழிபெயர்ப்பாளர் உதவி உண்டு. ஆனால் மொழியே தராமல் வளர்த்த பிள்ளைக்கு எந்த மொழிபெயர்ப்பாளர் வந்து என்ன செய்வார்?

மேலே போக வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. சென்னை அடையாறில் காது கேளாதோருக்கென்றே கல்லூரி இருக்கிறது. மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா 2022-ல் பிரேசிலில் நடந்த, காது கேளாதோருக்கான ஒலிம்பிக்ஸான டெஃப்லிம்பிக்ஸில் பாட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கி அர்ஜுனா விருதும் பெற்றார். பெங்களூரைச் சேர்ந்த சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு ஆஜரானார். ஓசூர் டைட்டன் தொழிற்சாலையில் மாற்றுத்திறனாளிகள் வேலை செய்வது ரொம்ப வருடமாக நடப்பது. பெரிய ஆட்களைக் காட்டிப் பாட்டியைச் சமாதானம் செய்ய இவை உதவும். எனக்கென்னவோ அண்ணனின் கூட்டாளி ஒருவர் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கணக்கு எழுதுவதுதான் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே மூட்டை தூக்குபவர்கள் நான்கு பேரும் எண்களையும் வசவுகளையும் கையால் கற்றுக்கொண்டுவிட்டார்கள். வசவு வரை வந்துவிட்டால் ஏற்றுக்கொண்டாயிற்று என்று அர்த்தம்.

இன்றிலிருந்து செய்ய வேண்டியது சின்னச் சின்ன விஷயம்தான். குழந்தையைப் பின்னாலிருந்து கத்திக் கூப்பிடாமல் தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள், தூரத்தில் இருந்தால் லைட் சுவிட்சை இரண்டு தடவை போட்டு அணையுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசாதீர்கள், உங்கள் முகம் இருட்டாகிவிடும். அவளைப் பற்றி அவள் எதிரில் பேசும்போது கையும் கொஞ்சம் பேசட்டும், தப்பும் தவறுமாகவாவது. பாட்டியை ஆசிரியர் ஆக்கிவிடுங்கள், அதுதான் என் தந்திரம். களி, மோர், கோழி, மழை, தாத்தா என்று பத்துச் சைகையை அவருக்குச் சொல்லிக்கொடுத்து, "நீங்கதான் பாப்பாவுக்குக் கத்துத் தரணும்" என்று விட்டுவிடுங்கள். எங்கள் அம்மா அறுபது வயதில் கற்றாள். முதல் முறையாக அண்ணனிடம் "உனக்கு என் மேல் கோபமா?" என்று கேட்டாள், புருவத்தைச் சரியாகத் தூக்கி. அவன் என்ன பதில் சொன்னான் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி வீடியோ காலில் அண்ணனுக்குச் சொன்னேன். அவர்கள் வழக்கத்தில் ஆளுக்கு ஒரு பெயர்ச் சைகை உண்டு, காது கேளாத ஒருவர்தான் ஆளைப் பார்த்து வைப்பார். எனக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு, அதன்மேல் ஒரு விரலை ஓட்டினால் அது நான். அவன் இம்ப்ளான்ட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, சட்டத்தைப் பற்றியும் கேட்கவில்லை. பாப்பாவுக்குப் பெயர் வைத்தாயிற்றா, இல்லையென்றால் கன்னத்தில் குழி விழுமா, மச்சம் ஏதாவது இருக்கிறதா, முடி சுருட்டையா என்று கேட்டுச் சொல் என்கிறான்.